சாக்பீஸ் நீட்டுகிற சார்

ஸ்ரீரங்கத்தில் என் மகளுக்கு ஐந்தாம் வகுப்பில் இங்கிலீஷ் எடுத்த அந்த சாரை எனக்கு அறவே பிடிக்காது. கஞ்சி போட்ட சட்டை, படிய வாரிய தலை, விரலிடுக்கில் எந்நேரமும் ஒரு சாக்பீஸ். புது வார்த்தையை போர்டில் எழுதிவிட்டு, அந்த சாக்பீஸை ஒரு பிள்ளையை நோக்கி நீட்டுவார். அந்தப் பிள்ளை எழுந்து நிற்க வேண்டும். அர்த்தம் அதுதான். 'லேஸி' என்றால் கடைசி பெஞ்சுப் பையன். 'டல்' என்றால் என் மகள்.

பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நேராகவே கேட்டேன். "என் பொண்ண எதுக்கு சார் நிக்க வச்சீங்க?"

"கண்ணால பார்த்தா மறக்காதுங்க. டெஸ்ட்ல மொத்த கிளாஸும் கரெக்டா எழுதியிருக்கு, பாருங்க" என்றார் சிரித்துக்கொண்டே.

"அப்ப 'பிரில்லியன்ட்'டுக்கு யாரை நிக்க வச்சீங்க?"

"நல்ல வார்த்தைக்கெல்லாம் சார்ட்ல படம் இருக்குங்க."

விருட்டென்று எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் திருவெறும்பூர் பஸ்ஸில், கூட வேலை பார்ப்பவர், "என்னங்க, டல்லா இருக்கீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் என் கண்முன்னே என் மகள் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். படுபாவி, எனக்கும் அல்லவா மறக்காதபடி சொல்லிக்கொடுத்துவிட்டான்!