வெர்லீனும் சுருளாத துணிக்கூரையும்

"நாற்காலி எங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வெர்லீன் வருவாள். வீட்டுவண்டியின் பக்கவாட்டில் விரித்த துணிக்கூரை சுருள மறுக்கிறது என்று கூப்பிட்டவர்கள் பதறிக்கொண்டிருப்பார்கள். அவளோ சாவகாசமாக உட்கார்ந்து, சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதைகளை எடுத்துக் கொறிப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லி ஓயும்வரை எதையும் தொடமாட்டாள். "பாதிக் கோளாறு அவங்க வாயிலிருந்தே வெளிய வந்துரும்" என்பது அவள் கணக்கு.

வயது அறுபத்தெட்டு. ஊர் ஊராகப் போகும் பொருட்காட்சியில் முப்பது வருஷம் ராட்டினம் பூட்டிக் கழற்றியவள். இப்போது குளிர்காலம் முழுக்க வீட்டுவண்டிக்காரர்களான எங்களோடு அரிசோனா பாலைவனத்தில் வண்டியைப் போட்டுக்கொண்டு இருக்கிறாள். வலது கையின் மோதிர விரல் ஒரு கணுவோடு முடிந்துவிடும். குழந்தைகள் கேட்டால், "முதலை கடிச்சிருச்சு." பெரியவர்கள் கேட்டால், "துணிக்கூரையோட ஸ்பிரிங். முதலையா இருந்தா கெஞ்சியாவது பாத்திருப்பேன்."

அவளுடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "லீவரை மாத்தினியா?" கூரையைத் தாங்கும் நீண்ட உருளையின் வலது ஓரத்தில் உள்ளங்கை நீளத்தில் ஒரு லீவர் இருக்கும். விரிக்க ஒரு பக்கம், சுருட்ட மறுபக்கம். பத்துக்கு எட்டுப் பேர் அதை மறந்துவிட்டுக் கடவுளைத் திட்டுவார்கள்.

போன ஜனவரியில் நெப்ராஸ்காவிலிருந்து வந்த ட்வைட்டும் கொரீனும் என் பக்கத்து இடத்தில் பழைய வண்டி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். மதியம் மூன்று மணிக்குப் பலத்த புழுதிக் காற்று வரும் என்று வானொலி சொன்னது. விரித்த கூரையில் காற்று புகுந்தால் வண்டியின் பக்கத் தகட்டையே பிய்த்துக்கொண்டு போகும். அவர்களுக்கு வேறு வீடு கிடையாது. இருந்ததை விற்றுவிட்டுத்தான் வண்டி வாங்கியிருந்தார்கள். வெர்லீன் வந்தபோது மணி இரண்டே கால்.

"லீவரை மாத்தினியா, தம்பி?"

"மாத்திட்டேன்க்கா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"சத்தியமா மாத்திட்டேன்!"

"ஓட்டல் கதவுல 'தள்ளு'ன்னு எழுதியிருந்தா இழுக்கிற ஆளு இவரு" என்றாள் கொரீன், கைகளைக் கட்டிக்கொண்டு.

வெர்லீன் எழுந்து போய்ப் பார்த்தாள். லீவர் சரியான பக்கத்தில்தான் இருந்தது. விதை கொறிப்பது நின்றது. அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றே எனக்குத் தோன்றியது.

அதற்குள் ட்வைட் ஏணியில் ஏறி, உருளையின் ஓர மூடியில் திருப்புளியை வைத்துவிட்டான். அவள் கத்தியதை நான் அன்றுதான் முதல்முறை கேட்டேன். "கையை எடுடா!" ஏணியிலிருந்து அவன் கணுக்காலைப் பிடித்தே இழுத்து இறக்கினாள். அவன் முகத்துக்கு நேரே தன் குட்டை விரலை நீட்டினாள். "உள்ள ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு நிக்குது. இதே இடம். இதே மாதிரித் திருப்புளி. எனக்கும் அப்ப காத்து வருதுன்னு அவசரம்தான்." அவன் முகம் வெளுத்துவிட்டது.  அவள் அந்தக் கையைப் பின்பக்கம் மறைத்துக்கொண்டாள்.

பிறகு கூரையின் நடுவில் தொங்கிய நாடாவை மெல்ல இழுத்து விட்டாள். துணி விறைப்பாகப் பின்னுக்கு இழுத்தது. "ஸ்பிரிங் உயிரோடதான் இருக்கு. பூட்டுதான் விடமாட்டேங்குது." கைவிளக்கால் லீவரின் அடியைப் பார்த்தவள் சிரித்தாள். பல்சக்கரத்தின் இடுக்கில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. "தம்பி, நீ சொன்னது நிஜம். லீவர் மாறியிருக்கு, உள்ள கொக்கி மாறலை. மன்னிச்சுக்கோ."

"கொரீன், கேட்டியா?" என்றான் ட்வைட்.

"ஒரு தடவைதானே" என்றாள் அவள்.

ஒரு தேக்கரண்டிக் காம்பால் கூட்டை முழுசாகப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள் வெர்லீன். மிச்சம் ஒட்டிய மண்ணைக் கெச்சப் பாட்டிலில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சிக் கரைத்தாள். அப்போதே முதல் காற்று வந்துவிட்டது. கூரை மேலே உப்பியது. கூரையைத் தாங்கும் கம்பிகளை வண்டியோடு திருகியிருந்த இடத்தில் தகடு முனகியது. கொரீன் சண்டையை மறந்து, "ட்வைட்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மூணு பேரும் நாடாவைப் பிடிங்க. வெளிப்பக்கமா ஒரு விரல் அளவு இழுங்க. விட்டுராதீங்க, கழுதை மாதிரி ஓடும்!"

இழுத்தோம். உருளை அசைந்த அந்த நொடியில் அவள் கூரையை எட்டி இழுக்கும் கொக்கிக் கம்பியால் லீவரைத் தட்டினாள். 'டக்'. கூரை எங்களைச் சரளைக்கல்லில் தரதரவென்று இழுத்துக்கொண்டு வண்டியை நோக்கிப் பாய்ந்தது. குதிகாலை ஊன்றிச் சமாளித்தோம். சுருண்டு உள்ளே போனதும், "பூட்டு!" என்றாள். ட்வைட்டே பூட்டினான். யாருடைய கூடாரமோ ஒன்று எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது.

எல்லாரும் வண்டிக்குள் ஓடினோம். கொரீன் சூடாக மொச்சைக் குழம்பும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தாள். வெர்லீனை மட்டும் காணோம். ஜன்னல் வழியே பார்த்தேன். புழுதியில் முட்டி போட்டு, வெளியே இருந்த கல்மேசையின் அடியில், காற்று படாத மூலையில் அந்தக் கூட்டை வைத்துக்கொண்டிருந்தாள். அதன் இரண்டு அறைகள், உள்ளே குளவிப் புழுக்களோடு, இன்னும் உடையாமல் மூடியே இருந்தன. அது உருண்டுவிடாமல் பக்கத்தில் ஒரு கூழாங்கல்லை அண்டைகொடுத்து வைத்தாள்.