கயிற்றில் ஏறாத கார்டு

எங்கள் வீட்டுக்கு மட்டும் தீபாவளி வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. சீனப் பெருநாளுக்கு ஒன்று, பள்ளி விடுமுறைக்கு ஒன்று, சும்மா ஒரு செவ்வாய்க்கிழமைக்கு ஒன்று என்று சித்தப்பா பெயருக்குத் தபாலில் தீபாவளி கார்டு வரும். அனுப்பியவர் கடலோரத்து மீனவர் ஊரான கோலா சுங்கை பாருவில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருந்தார். விற்காமல் தேங்கிய கார்டுகளையே அவர் கடிதத்தாளாக ஆக்கிக்கொண்டார். சித்தப்பா எலெக்ட்ரீஷியன். அந்தக் கடைக்கு வயரிங் செய்யப் போனவர், வேலை முடிந்து வந்த பிறகும் அந்த ஊரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரான ஜாசினில் எல்லா வீடுகளையும் போல, வந்த கார்டுகளை ஹாலில் கயிறு கட்டித் தொங்கவிடுவோம். மற்றவர்கள் பண்டிகை முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். எங்கள் கயிறு இறங்கவே இல்லை. வந்தவர் போனவர் எல்லாரும் படிப்பார்கள். இங்கே மழை, வலையில் மீன் இல்லை, நீங்கள் மாட்டிய விசிறி நன்றாகச் சுற்றுகிறது. அவ்வளவுதான் எழுதியிருக்கும்.

"என்னலா தம்பி, உங்க கூட்டாளி மீன் வரலன்னுகூட கார்டு போடுறாரு" என்று அம்மா கேலி செய்வார். சித்தப்பா சிரித்துக்கொண்டே அந்த மீன் சமாச்சாரத்தை மறுபடி மறுபடி படிப்பார்.

சித்தப்பா, கடைக்காரர் இருவரிடமும் ஹேண்ட்ஃபோன் இருந்தது. ஆனால் அதில் "சாப்பிட்டாச்சா"வைத் தாண்டி இருவருக்கும் வாய் வராது. பஸ் மாறிப் போனால் அரை நாளில் பார்த்துவிட்டு வரலாம், போகவும் மாட்டார்கள். சித்தப்பாவுக்கு அவர்மேல் காதல். அப்போது எனக்கு அது தெரியாது. சித்தப்பாவுக்கு அடிக்கடி லேசாகக் காய்ச்சல் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் வந்த கார்டைச் சித்தப்பா வாசலிலேயே நின்று படித்தார். வழக்கம்போல் அம்மாவிடம் கொடுக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பதில் எழுத உட்கார்ந்தவர் ஒரு வரிகூட எழுதாமல் எழுந்தார். மறுநாளும் அப்படித்தான். பதில் போகாததால் அங்கிருந்து வருவதும் நின்றுபோயிற்று. தபால்காரரின் மோட்டார் சத்தம் கேட்டால் ஓடுவார், கரண்டு பில்லோடு திரும்புவார். பிசைந்த சோற்றை வாயில் வைக்க மறந்து உட்கார்ந்திருப்பார். பார்க்கவே பாவமாக இருக்கும்.

தீபாவளி நெருங்கியதும் அம்மாவே ஒரு கார்டை எடுத்து, அவசியம் வீட்டுக்கு வரவும் என்று தன் கையால் எழுதினார்.

"வேணாம் அண்ணி. அவரு கோவமா இருப்பாரு."

"கோவம்னா நேர்ல வந்து காட்டட்டும்லா. முறுக்கு நெறைய இருக்கு."

வந்தார். ஒல்லியான மனிதர், பஸ்ஸில் கசங்கிய புதுச்சட்டை, கையில் ஒரு பை கெரோப்போக், அந்த ஊர் மீன் அப்பளம். சித்தப்பா "வாங்க" என்ற ஒரு சொல்லோடு, குடிக்கத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டுவருவதாக அடுப்படிக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. வந்தவர் கொஞ்ச நேரம் முறுக்குத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து கயிற்றருகே போய், தன் கார்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது. அவர் கார்டில் ஒன்று குறைவதைக் கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. உடனே போட்டுக்கொடுத்தேன்.

"அது ஒண்ண மட்டும் சித்தப்பா குடுக்கல மாமா. அவரே வச்சிக்கிட்டாரு. சட்டை மாத்துறப்பல்லாம் அதையும் எடுத்து மாத்தி வச்சிக்குவாரு."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ சிரித்தபடியே புதுச்சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அடுப்படிக்குள் போனார். அதன் பிறகு இரண்டு பேருமே தண்ணி கொண்டுவரவில்லை. எட்டிப் பார்க்கப் போன என்னை அம்மா பிடித்துத் திருப்பி, கையில் முறுக்கைத் திணித்து வாசலுக்கு அனுப்பினார். நான் அதைக் கடித்துக்கொண்டே யோசித்தேன்: தன் கார்டை மாட்டாமல் விட்டதற்குப் போய் ஒரு மனிதர் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார்?