முனிராஜ் கொடுத்துவிட்டுப் போன எலும்புகள்

செய்தி ஷிப்டு வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. நாளை ஜூஜுவாடி கம்பெனி பஸ் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பும் என்ற அறிவிப்புக்குக் கீழே ஒரே வரி: மெயின்டெனன்ஸ் முனிராஜ் காலமானார், மாரடைப்பு, வீடு பாகலூர். அடுத்து, பஸ் நேரம் தெரிந்துகொண்டதற்கு நான்கு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். இரும்புத் தகடுகளை அழுத்தி வடிவமாக்கும் அந்த பிரஸ் ஷாப்பில் ஒரு மனிதனின் சாவுக்கு அவ்வளவுதான் இடம். அவருடன் அங்கே வேலை செய்தவன் என்பதால் கொஞ்சம் அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

வேலைக்கு வரும் வழியில் சர்வீஸ் ரோட்டில் லாரி இடித்து அவருடைய கால் எலும்பு முறிந்த கதை ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். சில வாரம் கழித்து நான் பார்க்கப் போனபோது, இரண்டு எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் படத்தில் எலும்பு இரண்டு துண்டு. அடுத்ததில் முறிந்த இடத்தைச் சுற்றிப் பஞ்சு மாதிரி ஒரு வீக்கம்.

"பாருடா, வெல்டிங்! யார்ரா வந்து பண்ணினது? உள்ளயே பண்ணிக்கிச்சு. கொஞ்சம் ஜாஸ்தியா வேற ஊத்தியிருக்கு. அப்புறமா அதுவே கிரைண்டிங் போட்டு சமம் பண்ணிக்குமாம், டாக்டர் சொல்றாரு. நம்ம பிரஸ் அச்சு, அந்த டை ஒடைஞ்சா ஒரு நாளாவது தானா ஒட்டியிருக்கா?"

இரும்போடு வாழ்ந்த மனிதர், இரும்பால் முடியாத ஒன்று தன் காலுக்குள்ளேயே நடப்பதை அன்றுதான் பார்த்தார். பிறகு எலும்பைத் தவிர வேறு பேச்சே இல்லை.

எல்லாவற்றையும் மெஷினாகவே புரிந்துகொண்டார். தோள் ஒரு பந்து மூட்டு, முழங்கை ஒரு கீல். சரிதான். ஆனால் பேரிங்குக்கு கிரீஸ் வேண்டும், முழங்காலுக்கும் வேண்டும் என்று முடிவுகட்டி, ஒரு காலையில் அரை டம்ளர் விளக்கெண்ணெய் குடித்துவிட்டு ஷிப்டுக்கு வந்தார். அன்று அவர் மெஷின் பக்கம் நின்றதைவிடக் கழிப்பறையில் இருந்ததுதான் அதிகம். "என்னண்ணா, கிரீஸ் முட்டிக்குப் போய்ச் சேந்துச்சா?" என்று கேன்டீனே கேட்டது. "வழி மாறிடுச்சுடா" என்றார். மூட்டுக்கு வேண்டிய வழவழப்பை மூட்டே சுரந்துகொள்கிறது, மடக்கி நீட்டினால் போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அதற்கும் வியந்தார்.

சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தன் நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "இந்தக் கூண்டு இதயத்தையும் நுரையீரலையும் காக்குது. ஆனா மூச்சு இழுத்தா விரியுது. கூண்டு விரிஞ்சு பாத்திருக்கியா? இந்த நெஞ்செலும்புக்குள்ள, இடுப்பெலும்புக்குள்ள ரத்தம் தயாராகுது. ஷிப்டு கிடையாது, லீவு கிடையாது. நாம என்னமோ எலும்புன்னா காஞ்ச கட்டைன்னு நெனச்சுட்டிருக்கோம்."

அந்த வியப்பில் இருந்துதான் அவருக்குக் கோபம் வந்தது. உற்பத்திக் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: "சார், பிரஸ்ஸுக்கு லோடு மீறினா தானா நின்னுடும். எங்க முதுகுக்கு அந்த ஏற்பாடு எங்க இருக்கு?" கனமான டைகளைத் தூக்க, சங்கிலி போட்டு இழுக்கும் ஒரு சின்ன ஹாய்ஸ்ட் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. சுவரில் குனியும் முறை பற்றிய போஸ்டர் ஒட்டினார்கள். ஆளுக்கொரு இடுப்பு பெல்ட் கொடுத்தார்கள். ஹாய்ஸ்ட் இன்னும் வரவில்லை. முனிராஜ் அண்ணனின் முதுகெலும்புகளுக்கு நடுவே இருந்த மெத்தைகள் அதற்குள் தேய்ந்துபோயிருந்தன.

அப்போதுதான் உடல் தானத்துக்கு எழுதிக் கொடுத்தார். மனைவி கௌரம்மாவும் கையெழுத்துப் போட்டார். ஏனண்ணா என்று கேட்டேன். "மெடிக்கல் காலேஜ்ல பிளாஸ்டிக் எலும்புக்கூடு தொங்க விட்டிருக்காங்களாம். அது மோல்டுல ஊத்தினது, வளையாது, தேயாது. என்னுது வேலை செஞ்ச எலும்பு. ஒட்டின காலு, தேஞ்ச முதுகு. நாளைக்கு டாக்டராகப் போறவங்க அதையும் பாக்கட்டும்."

நான் பாகலூர் போய்ச் சேர்ந்தபோது வாசலில் சண்டை. மருத்துவக் கல்லூரி வண்டி நின்றுகொண்டிருந்தது. தாமதமானால் உடலை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முனிராஜின் கூடப்பிறந்த அண்ணன் நாராயணப்பா வழியை மறித்து நின்றார். "மூணாம் நாள் எலும்பு பொறுக்கி ஒகேனக்கல்ல கரைக்கணும். கரைக்கறதுக்கு எலும்பே இல்லன்னா என் தம்பி எங்க போய்ச் சேருவான்? கண்டவங்க அறுக்கறதுக்கா பெத்தாங்க அவன?" கம்பெனி ஆட்கள் ஒரு மாலையைப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு ஓரமாக நின்றார்கள்.

கௌரம்மா எழுந்து கணவரின் அண்ணன் முன்னால் வந்து நின்றார். "பாவா, பதினெட்டு வருஷம் அந்த முதுகைக் கம்பெனிக்குக் குடுத்தாரு. டெய்லி சாயங்காலம் சுவத்தப் புடிச்சுட்டுத்தான் வீட்டுக்குள்ள வந்தாரு. நீங்களும் பாத்தீங்க, நானும் பாத்தேன். அன்னைக்கு யாரும் வழிய மறிக்கல. அவரு இஷ்டப்பட்டுக் குடுக்கறது இது ஒண்ணுதான். இதையா மறிக்கறீங்க?"

நாராயணப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கினார். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போது அவரே முன்னால் ஓடிவந்தார். "கழுத்தத் தாங்குங்கப்பா. முதுகுக்கும் கை குடுங்க, அங்கதான் அவனுக்கு வலி" என்று சொல்லிக்கொண்டே தம்பியின் தலையை இரண்டு கைகளிலும் ஏந்தி வண்டிவரை நடந்தார்.

மறுநாள் கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவுக்கு வளைவு தலைகள் சாய்ந்தன, திரும்ப நிமிர்ந்தன. ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் ஏழு சின்ன எலும்புகள் ஒரு மனிதனின் முழுத் தலையையும் தாங்கிக்கொண்டு போவதை முதல் முறையாகப் பார்த்தேன். இப்படிப் பார்க்கும் கண்தான் அவரிடமிருந்து எனக்கு மிச்சம். அதோடு, இத்தனை அற்புதமான ஒன்றை இவ்வளவு மலிவாகத் தேய்ப்பவர்கள் மேல் தணியாத கோபமும்.