தலைவர் தலை விட்டுப் பார்த்த குழாய்

எங்கள் ஒழுங்கைக்கு வெள்ளக் குழாய் தெரிவு செய்த கூட்டத்தைப் போல ஒரு கூத்தை நான் மன்னாரில் வேறெங்கும் பார்த்ததில்லை. மாரி மழை வந்தால் அந்தக் குறுகல் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். அதைக் கடலுக்கு இறக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு மாதா கோயில் மண்டபம் நிறைய ஆம்பிளைகள், ஆளுக்கொரு வாய்.

வாசலில் மூன்று மாதிரிக் குழாய்கள் கிடந்தன. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் குனிந்து ஒவ்வொன்றுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். சின்னதில் தலை போகவில்லை. அடுத்ததில் தோள் இடித்தது. பெரிய கொங்கிறீற் குழாய்க்குள் அவருடைய வண்டி வயிறும் போய்விட்டது.

"இதுதான்!" என்று உள்ளேயிருந்து கத்தினார். "பக்கத்து ஊரானிட்ட இவ்வளவு பெரிசு இல்லை!"

எல்லாரும் கை தட்டினார்கள். எவ்வளவு தண்ணீர், எந்தப் பக்கம் சரிவு என்று ஒரு சீவன் கேட்கவில்லை. பக்கத்து ஊரான் குழாயைவிடப் பெரிதாக இருந்தால் வெள்ளம் பயந்து ஓடிவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

எனக்கு என் கவலை. ஒழுங்கையின் கடைசி வீடும் வளவும் எங்களுடையது, எல்லாரையும் விடத் தாழ்வு. மற்றவர்களின் கிணறெல்லாம் சவர். எங்களுடையது மட்டும்தான் நல்ல தண்ணீர்க் கிணறு. முழு ஒழுங்கையும் அதில்தான் அள்ளிக் குடித்தது. எங்களுக்கும் கடலுக்கும் நடுவே இருந்த மணல்மேட்டைத் துளைத்துத்தான் குழாய் போகப் போகிறது. எழும்பிக் கேட்டேன்.

"தம்பி, வாடைக் காத்துப் பிடிச்சுக் கடல் பெருகினா, தண்ணி உந்தக் குழாயால திரும்பி உள்ளுக்க வராதோ? வாய்க்கு ஒரு கதவு போடேலாதோ?"

அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்திருந்த பொறியியலாளர் கைத்தொலைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அக்கா, தண்ணி பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்றார்.

மண்டபமே சிரித்தது. தலைவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நீங்கள் தேத்தண்ணி போடுற வேலையைப் பாருங்கோ அக்கா. உங்களுக்கேன் உந்த விசர்க் கதை?"

காற்றையும் கடலையும் பார்த்துத் தொழில் செய்கிற என் மனுசன், கூரையில் பல்லி தேடிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவருக்கு நல்லாய்க் கொடுத்தேன்.

குழாயைப் புதைத்தார்கள். முதல் மழைத் தண்ணீர் வடியத்தான் செய்தது. மழையைத் தானே குடித்து முடித்தவர் மாதிரித் தலைவர் குடையோடு ஒழுங்கை நெடுக உலாத்தினார். பிறகு வாடை பிடித்தது. ஒரு காலை முற்றத்துக்கு வந்தால், மாதாவே, அந்தப் பெரிய குழாய் நிறையக் கடல் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. கிணற்றுக் கட்டைத் தாண்டித் தண்ணீர் உள்ளே விழுகிற சத்தம் கேட்டது. பொறியியலாளர் பொய் சொல்லவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடியது. பள்ளம் எங்கள் வளவு. முற்றத்தில் நின்று வாய்விட்டு அழுதேன்.

வெள்ளம் வடிந்தது, உப்பு வடியவில்லை. மோட்டர் வைத்து இறைத்தோம். பிறகு ஊறியதும் உப்புத்தான். இப்போது முழு ஒழுங்கையும் தண்ணீர்ப் பவுசர் வண்டியைப் பார்த்து பிளாஸ்டிக் கானோடு வரிசையில் நிற்கிறது. அன்றைக்குச் சிரித்த வாய்களும் அந்த வரிசையில்தான்.

போன கிழமை தலைவர் வந்தார், வெட்கம் ரோசம் ஒன்றுமில்லாமல். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, பக்கத்தில இன்னொரு குழாய் போடுவமெண்டு யோசிக்கிறம். இதைவிடப் பெரிசா. உங்கட வளவில ஒரு துண்டு விடவேணும்."

"ஓம், இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கதைப்பம்" என்றேன்.

எங்கள் கிணற்றில் அள்ளினேன். கொதிக்க வைத்து, சீனி தாராளமாகப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு வாய் குடித்தார். முகம் கோணிப்போனது.

"என்னக்கா, சீனியெண்டு உப்பைப் போட்டிட்டியளோ?"

"நான் தேத்தண்ணி மட்டுந்தான் போட்டனான், தலைவர். உப்பு நீங்கள் போட்டது. குடியுங்கோ."