கட்டி தட்டிய மாவு

சலவைக்கூடத்தில் கஞ்சி காய்ச்சுவது அவள் வேலை. ஓட்டல்களின் மேசை விரிப்புகள் மொடமொடவென்று நிற்பது அவள் கைப்பக்குவத்தில்தான். கஞ்சியில் மிளகளவு கட்டி இருந்தாலும் துணியில் திட்டு விழும், இஸ்திரி போடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் கட்டி என்றாலே அவளுக்குப் பாம்பைக் கண்ட மாதிரி. வீட்டில் பால்பவுடர் கரைத்தாலும் கரண்டி லேசில் ஓயாது.

வாய் மட்டும் திறக்கமாட்டாள். "ஊமைக்கோட்டான்" என்று பெயர் வைத்ததே அவள் அண்ணி, கணவனின் அக்காதான். அவனும் பேச்சில் கஞ்சன். அந்த வீட்டில் பேச்சு, சிரிப்பு, திட்டு எல்லாமே அண்ணியின் வாயிலிருந்து வந்தவை.

அந்த அண்ணி இப்போது கூடத்து நாற்காலியில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். நீண்ட நாள் காய்ச்சல் ஒருவழியாகப் போனது. போகும்போது பசியையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. ரொட்டி, சூப், கூழ், எதுவும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்பவும் சாப்பிடலைன்னா கூட்டிட்டு வந்துடுங்க, குழாய் வெச்சுத்தான் கொடுக்கணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் அண்ணி வீடு வந்து சேரமாட்டாள் என்ற பயம் அவள் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

மதியம், கண்ணைத் திறக்காமலே அண்ணி முனகினாள்: "ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரிக்கு அவ பொண்ணு பான்கேக் சுட்டுக் கொண்டாந்தா. என்னா வாசனை!"

அது போதும். துணி எடுக்க வரும் ஓட்டல் வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். அவர் சமையல் மாஸ்டரைக் கேட்டுக் கேட்டுச் சொன்னார்: "மைதா, பேக்கிங் பவுடர், சர்க்கரை, துளி உப்பு ஒரு பக்கம். முட்டை, பால், உருக்கின வெண்ணெய் இன்னொரு பக்கம். ரெண்டையும் சேர்த்து லேசா கிண்டினாப் போதுமாம். கட்டி இருந்தா இருக்கட்டும்ங்கறாரு, தங்கச்சி."

சரியான சோம்பேறி மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டாள். மாவைக் கை வலிக்கக் கடைந்தாள். மிஞ்சிய கட்டிகளைச் சல்லடையில் தேய்த்து வடிகட்டினாள். பட்டுப்போல் வழிந்த மாவைப் பார்த்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

வாணலியில் அது உப்பவே இல்லை. அண்ணி ஓர் ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தாள். அது இழுபட்டதே தவிர பிய்ந்து வரவில்லை.

"ஏம்மா, இதுக்கு ரெண்டு வார் வெச்சா செருப்பா மாட்டிக்கலாமே!"

தட்டை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் வந்தவளுக்குக் கண் கலங்கியது. மாஸ்டர் கட்டியோடு விடச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது: கடையக் கடைய மாவு இழுவையாகிவிடும். மீதி மைதாவில் புதிதாக மாவு கலந்தாள். நாலே சுற்று. மாவுக்குள்ளிருந்து கட்டிகள் அவளை முறைத்தன. கை தானாகச் சல்லடைப் பக்கம் போயிற்று.

"அடியே, இன்னும் எவ்வளவு நேரம்? பசி உயிர் போகுது!"

நீட்டிய கை அப்படியே நின்றது. பசி! அந்தச் சொல்லை அண்ணி வாயிலிருந்து கேட்டு எத்தனை நாளாயிற்று! சல்லடையை விட்டுவிட்டு, இருந்தபடியே ஒரு கரண்டி மாவை எடுத்து ஊற்றினாள்.

மேலே குமிழிகள் கிளம்பி ஒவ்வொன்றாய் உடைந்தன. திருப்பிப் போட்டதும், வெயிலில் காய்ந்த தலையணை மாதிரி உப்பி எழுந்தது.

அண்ணி ஒன்றைத் தின்றாள். விரலை நக்கிவிட்டுத் தட்டை நீட்டினாள். இரண்டாவதில் பாதி முடிவதற்குள் அண்ணியின் தம்பி வேலையிலிருந்து வேகமாக வந்தான்.

"அக்கா, கிளம்பு. வண்டி வெளிய நிக்குது."

"நீ வேணா ஆஸ்பத்திரியில போய்ப் படுத்துக்கிட்டு வா. எனக்கு உள்ள இன்னொண்ணு வெந்துக்கிட்டிருக்கு."

அவன் தட்டைப் பார்த்தான், அக்காவின் வாயைப் பார்த்தான், அடுக்களை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தான். வெளியே போனான். வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்கும் குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்கிறவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

அடுப்பில் வெந்ததை எடுத்து அண்ணியின் தட்டில் போட்டாள்.

"சர்க்கரை பத்தலைடி" என்றாள் அண்ணி, வாய் நிறைய.

"நாளைக்குக் கூடப் போடுறேன் அண்ணி!" அவள் குரல் தெருவரைக்கும் கேட்டிருக்கும்.