பொத்தான் சாரின் ஏழு வருடங்கள்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பொத்தான் சார் என்று பெயர். வட்டமான ஒரு கண்ணாடித் தட்டு, அடியில் அதை அதிர வைக்கும் மோட்டார், மேலே சட்டைப் பொத்தான் அளவில் பிளாஸ்டிக் வில்லைகள். ஒவ்வொன்றுக்கும் அடியில் சாய்ந்த குட்டிக் கால்கள். தட்டு அதிர்ந்தால் யாரும் தள்ளாமலே ஓடும். பாதி வேகமானவை, பாதி மந்தமானவை. இரண்டையும் கலந்து ஓடவிட்டு நாள் முழுக்கக் குனிந்து பார்ப்பதுதான் இந்த நாற்பத்தொரு வயது மனிதரின் வேலை. சொந்தக்காரர்களிடம் இதை விளக்கப் போய் அவர் மூக்குடைபட்ட கதை தனி.

சும்மா சொல்லக்கூடாது, ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். வில்லைகள் குறைவாக இருந்தால் கலந்தே திரியும். நெரிசல் ஓர் அளவைத் தாண்டியதும் வேகமானவை தனியாகக் கூடிக்கொள்ளும், மந்தமானவை ஒதுங்கிவிடும். அந்த அளவு என்ன என்பதுதான் ஆய்வேடு. அடுத்த மாதம் கொடுத்தால் பட்டம், பட்டம் வந்தால் வேலை. ஏழு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் குடும்பத்தை இழுத்துக்கொண்டிருந்தவள் மனைவி.

தட்டு சமமாக இருக்கிறதா என்று தினமும் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார். ஓடும்போது குமிழி ஆடும் என்பதால், வில்லைகளைப் போடுவதற்கு முன், மோட்டாரை நிறுத்திவைத்துத்தான் பார்ப்பார்.

ஒருநாள் மோட்டாரில் சத்தம் கேட்டு மெக்கானிக்கை அழைத்தார்.

"சார், தட்டைத் தாங்குற கால்ல ஒண்ணுக்கு ரப்பர் செத்துப்போச்சு. சும்மா நிக்கிறப்ப ஒண்ணும் தெரியாது. பாரம் ஏறி ஓடுறப்ப அந்தப் பக்கம் இறங்கிடும். மாத்திட்டேன், இனி கவலைய விடுங்க."

அன்றிலிருந்து வில்லைகள் பிரியவில்லை. நூறு சேர்த்தார், இருநூறு சேர்த்தார், தட்டு நிறைந்து வழிகிற அளவுக்குப் போட்டார். எல்லாம் ஒன்றாகக் கலந்தே கிடந்தன. நான்காம் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருடமும் வில்லைகள் கூடக் கூட எடை கூடியிருக்கிறது. அந்தக் கால் மயிரிழை அமுங்கியிருக்கிறது. சரிவில் வேகமானவை முந்திப் போய்க் குவிந்திருக்கின்றன. நெரிசலுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒளிக்காமல் சொன்னார். அவள் விடைத்தாள் கட்டை ஓரமாக வைத்தாள்.

"என்னங்க, பழைய ரப்பரையே திரும்ப வச்சா பிரியுமா?"

"பிரியும்."

"அட, அப்புறம் என்ன? வச்சிடுங்க!" அவள் முகம் மலர்ந்தே விட்டது.

"பிரியும்மா. ரப்பர் பிரிச்சுக் காட்டும். ஏழு வருஷமா நான் அந்த ரப்பரைத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

அவள் மலர்ச்சி மெல்ல வடிந்தது. இத்தனை வருடத்தில் அவருடைய வேலை அவளுக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான்.