நெடுமாறனின் சம்பா கிக்

“என் காது இதுவரைக்கும் எதையும் தப்பாக் கேட்டதில்ல. இனிமேலும் கேக்காது.”

குடவாசல் நெடுமாறன் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, அவருடைய காது ஒரு பம்புசெட் மோட்டாரின் முதுகில் ஒட்டியிருந்தது. மோட்டாரின் சொந்தக்காரர் தலையாட்டினார். ஸ்குரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பே தேய்ந்த பேரிங்கைக் காதால் கண்டுபிடிக்கும் மனிதரிடம் யார் வாதாடுவது?

பகலில் மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டுவது பிழைப்பு. மாலையில் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, கடையின் பின்னறையில் சிந்தசைசர் முன்னால் சம்மணமிட்டு உட்காருவது பிறவிப்பயன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். குட்டி ஸ்டூல் மேல் முப்பது குமிழ்களோடு இருக்கும், கரண்டில் ஒலி எழுப்பும் ஓர் இரும்புப் பெட்டி, அவ்வளவுதான். அதில் அவர் பாட்டு வாசிப்பதில்லை. கிக் செய்கிறார். ஆட்டப் பாட்டுகளில் நெஞ்சாங்கூட்டில் வந்து இடிக்குமே ஒரு ‘தும்’, அது மட்டும். ஒரு முனகலை உச்சியில் தொடங்கி, கண்ணிமைப்பதற்குள் கிணற்றில் தள்ளிவிட்டால் ‘தும்’ பிறந்துவிடும். பிறந்தது எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பது ‘டிகே’ என்ற குமிழின் கையில். அந்தக் குமிழோடு அவர் குடும்பமே நடத்துகிறார்.

தாம் பெற்ற கிக்குகளுக்கு வெறும் நம்பர் போட அவருக்கு மனம் வராது; நெல் பட்டங்களின் பெயரைத்தான் வைப்பார். சட்டென்று அடங்குவது குறுவை கிக். நின்று நிதானமாக அடங்குவது சம்பா கிக். நடுவில் தாளடி. “பேர்லயே தாளமும் இருக்கு, அடியும் இருக்கு, பாருங்க!” என்று பூரித்துப்போவார்.

சென்ற வாரம் அதிராம்பட்டினம் யூனுஸிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. மேடை நடனக் குழுக்களுக்குப் பாட்டு அமைத்துக் கொடுப்பவர். “மாறண்ணே, சம்பா கிக் ஒண்ணு போட்டுக் குடுங்க. சரியா வந்துட்டா போஸ்டர்லயே உங்க பேரு.”

தம் கலைச்சொல் கடற்கரை வரை போய்விட்டதில் நெடுமாறனுக்குக் கண் கலங்கியது. போஸ்டரில் பெயர்! சொந்தக்காரர்களின் காதுகுத்துப் பத்திரிகையில்கூட அவர் இதுவரை ‘மற்றும் உறவினர்கள்’தான். மூன்று நாள் உழைத்தார். நூற்றைம்பது நாள் பயிர் போல நீண்டு, தழைத்து, தலைசாய்ந்து அடங்கும் ஒரு கிக்கை அனுப்பிவைத்தார்.

பதில் உடனே வந்தது. “என்னண்ணே இது? ஒரு அடி அடங்கறதுக்குள்ள அடுத்த அடி வந்து விழுந்து எல்லாம் சேறாக் கெடக்கு. ஆறு மணிக்குப் பாட்டை அனுப்பியாகணும். இல்லன்னா நெட்டுலேர்ந்து ஒண்ண எடுத்துப் போட்டுக்கறேன்.”

“கடல் காத்துல அவன் காது துருப்பிடிச்சுப் போச்சு” என்று தீர்ப்பளித்தார் நெடுமாறன்.

பள்ளி விட்டு வந்த மனைவி மலர்க்கொடி, விளையாட்டு ஆசிரியை. ஆண்டுவிழா நடனங்களும் அவர் தலையில்தான். யூனுஸின் முதல் செய்தியைப் போட்டுக் கேட்டார். சிரித்துவிட்டார்.

“ஏங்க, அவரு கேட்டது நெல்லு இல்லங்க. சாம்பா! பிரேசில்காரங்க ஆட்டம். குடுகுடுன்னு ஓடும்.”

“சம்பான்னுதான் சொன்னான்.”

“சாம்பான்னுதான் சொல்றாரு. உங்க காதுக்குள்ள நெல்லுக் களம் இருந்தா அவரு என்ன பண்ணுவாரு?”

“டிரில் டீச்சருக்கு டிகே பத்தி என்ன தெரியும்?”

“டிகே தெரியாது. ஆடத் தெரியும். மணி அஞ்சரை.”

நெடுமாறன் குமிழைத் திருகினார். குறுவையாக்கிக் கேட்டார். இதற்கு ஆட்டம் வருமா, வராதா? பிறந்து நாற்பத்து மூன்று வருடங்களில் முதன்முறையாக அவருடைய காது வாயை மூடிக்கொண்டது.

ஹெட்போனைக் கழற்றினார். யாரையும் தொட விடாத அந்தச் சாமானை மனைவியின் காதில் மாட்டிவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்தார். கை குமிழில், கண் மலர்க்கொடியின் கால் கட்டைவிரலில். விரல் அசையவில்லை. ஒரு மயிரிழை குறைத்தார். அசையவில்லை. இன்னும் ஒரு மயிரிழை. விரல் எழுந்து தரையைத் தட்டியது, மறுபடி தட்டியது, பின்னாலேயே குதிகாலும் சேர்ந்துகொண்டது.

காதில் ஒன்றுமே விழாத நெடுமாறன், குமிழிலிருந்து கையை எடுத்தார்.